மலையேறும் மிதிவண்டியும் மனையறமும்

மனிதன் தனக்கெனப் படைத்துக்கொண்ட ஊர்திகள் பல. அவற்றுள் ஏழைக் குடும்பத்தின் உற்ற தோழனாக நெடுங்காலம் நின்றது மிதிவண்டியே என்றால் மிகையாகாது. அது தீவனம் கேட்பதில்லை, எரிபொருளும் கேட்பதில்லை. ஏறி மிதிப்பவனுடைய வியர்வையை மட்டுமே வாங்கிக்கொண்டு, அவனையும் அவன் சுமையையும் ஊர் சேர்க்கிறது.

நம் கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்திற்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விசைத்தறிகளால் வாழும் ஊர்கள் இவை. நூல் கட்டும், பால் கேனும், வாழைத்தாரும் மிதிவண்டியின் பின்னிருக்கையில் பயணம் செய்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கற்றவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உள்ளாட்சி வில்லையை வண்டியில் பொருத்தியதும், இரவில் விளக்கின்றிச் சென்று காவலரிடம் அகப்பட்டதும் அவர்கள் நினைவில் இருக்கும். ஞாயிறு காலையில் முன்கம்பியில் துண்டைச் சுற்றி ஒரு பிள்ளை, பின்னே கேரியரில் கைக்குழந்தையுடன் மனைவி என்று ஒரு குடும்பமே ஒரு வண்டியில் திருப்பலிக்கு வந்து இறங்கும். 1949-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, அம்பத்தூரில் ஆலை அமைத்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் எத்தனையோ இல்லங்களில் குடும்ப உறுப்பினரைப் போலவே மதிக்கப்பட்டன.

காலம் மாறியது. மோட்டார் வண்டிகள் பெருகின. மிதிவண்டி மறைந்துவிடும் என்று எண்ணியிருந்த வேளையில், அது புதுக்கோலம் பூண்டு திரும்பி வந்திருக்கிறது. தடித்த சக்கரம், முள் முள்ளான டயர், பல கியர்கள், அதிர்ச்சி தாங்கும் முன் போர்க் ஆகியவற்றுடன் கூடிய மலை மிதிவண்டியையே குறிப்பிடுகிறோம். நம் பங்குகளிலும் இதனை விரும்பி வாங்குவோர் உளர். இவ்விருப்பம் குடும்பத்திற்கு ஆக்கமா, கேடா என்று சிந்திப்பது பயனுடையது.

ஒருவருக்கே இடம்

சில காலத்திற்கு முன்னர் ஒரு சகோதரி நம்மிடம் வந்து மனம் வருந்திப் பேசினார். அவருடைய கணவர் தறித் தொழில் செய்பவர்; குடியில்லை, சூதில்லை. மாதத் தவணையில் விலை உயர்ந்த மலை மிதிவண்டி ஒன்றை வாங்கியிருந்தார். ஞாயிறுதோறும் விடியுமுன் நண்பர்களுடன் மேட்டுப்பாளையத்திற்குச் சென்று, அங்கிருந்து கோத்தகிரி மலையேறிவிட்டு, பிற்பகலில் களைத்துத் திரும்பி உறங்கிவிடுவாராம். பிள்ளைகள் தந்தையோடு பேசும் நாளும் போயிற்று; குடும்பமாகத் திருப்பலிக்குச் செல்லும் வழக்கமும் போயிற்று. அந்தச் சகோதரி சொன்ன சொல் நம் உள்ளத்தில் பதிந்தது: “சாமி, பழைய சைக்கிள்ல நாங்க நாலு பேரும் போனமுங்க. இந்தப் புதுசுல அவரு மட்டுந்தானுங்க போறாரு.”

கணவரையும் அழைத்துக் கேட்டோம். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. “ஆறு நாளும் தறிச் சத்தத்துல காதே அடைச்சுப் போகுதுங்க சாமி. சர்க்கரை கூடியிருக்குன்னு டாக்டரும் சொல்லீட்டாரு. மலை மேல போனாத்தானுங்க மனசு கொஞ்சம் தெளியுது” என்றார்.

இருவர் கூற்றும் உண்மையே. உடற்பயிற்சி ஓரளவு பயனுடையது என்று புனித பவுலடியார் தம் சீடர் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். ஆண்டவருடைய நாளில் உள்ளமும் உடலும் தக்க ஓய்வு பெறவேண்டும் என்பதனை 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பே ஏற்கிறது. ஆகவே மலையேறுவது குற்றமன்று. மலை மிதிவண்டியில் கேரியர் இல்லை. பிள்ளை அமர முன்கம்பியிலும் இடமில்லை. அமைப்பிலேயே அது தனி மனிதனுக்குரிய வண்டி. அதனை வாங்குபவன் தன் குடும்பத்திற்குரிய இடத்தை வேறு வகையில் உண்டாக்கித் தரக் கடமைப்பட்டவன் ஆகிறான்.

கியர் புகட்டும் பாடம்

இவ்வண்டியின் வரலாறு பழையதன்று. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் மாவட்ட இளைஞர்கள், கனத்த பழைய வண்டிகளைத் தேடியெடுத்து மலைப்பாதைகளில் ஓட்டி விளையாடினர். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய சட்டம் அமைத்தார். 1981-இல் இவ்வகை வண்டி ஆலைகளில் பெருமளவில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டியும் இடம்பெற்றது.

இவ்வண்டியின் உயிர்நாடி கியர். பழைய பெரிய வண்டியில் முன் பற்சக்கரத்திற்கு 44 பற்கள், பின்னதற்கு 18 பற்கள் என்று கொள்வோம். பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் ஓடும். சமவெளிக்கு அது சரி. மலை மிதிவண்டியிலோ முன்னே 22 பற்களும் பின்னே 34 பற்களுமாக மாற்றிக்கொள்ள முடியும். அப்போது ஒரு சுற்றுக்கு வண்டி 1.3 மீட்டர் அளவே நகரும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 33 கிலோ மீட்டர். அதற்குள் பாதை 1,400 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. கியரைக் குறைத்ததால் மலையின் உயரம் குறைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு மிதிக்கும் வரும் பங்கே குறைகிறது. மெல்லச் செல்கிறவன் நில்லாமல் செல்கிறான்.

இந்தக் கியரை ஏற்க ஒரு காலத்தில் பெருமை இடந்தரவில்லை. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்ச், கியர் என்பது வயது முதிர்ந்தோருக்கே உரியது என்று கருதியவர். 1937-இல்தான் அப்பந்தயத்தில் செயினை இடம் மாற்றும் கியர் அனுமதிக்கப்பட்டது. இல்லறத்திலும் இவ்வாறே. கைக்குழந்தை இருக்கும் ஆண்டுகளும், முதியோர் நோயுற்றிருக்கும் ஆண்டுகளும், தறிகள் நின்றுபோய்க் கூலி குறையும் மாதங்களும் ஏற்றமான பாதைகளே. அப்போதும் முன்போலவே விரைவேன் என்பவன் பாதி வழியில் இறங்கித் தள்ள நேரும். குடும்பத்தின் ஏற்றத்திற்குத் தக்கபடி தன் விருப்பங்களின் வேகத்தைக் குறைத்துக்கொள்பவனே நல்ல குடும்பத் தலைவன்.

எதனை முதலில் வாங்குவது?

துணைக்கருவிகளுக்கு எல்லையே இல்லை. எடை குறைந்த கார்பன் சட்டம், விலையுயர்ந்த காலணி, வேகம் காட்டும் கருவி என ஆசை வளர்ந்துகொண்டே போகும். வண்டியில் இரண்டு கிலோ எடையைக் குறைக்க இலட்சம் ரூபாய் செலவிடத் துணிவோர், தம் இடுப்பில் இரண்டு கிலோ குறைத்தால் அதே பயனைச் செலவின்றிப் பெறலாம் என்பதை எண்ணுவது நலம்!

முதற்செலவு தலைக்கவசத்திற்கே. அதனுள் இருக்கும் நுரைப் பொருள் தான் நசுங்கித் தலையைக் காக்கிறது. ஆதலால் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிதல் ஆகாது. அடுத்து பிரேக். நீண்ட இறக்கத்தில் ரிம்மைப் பற்றும் பிரேக்கை ஓயாது அழுத்தினால் ரிம் சூடேறும். தட்டு பிரேக்கும் சூடேறவே செய்யும். எனவே இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து இறங்க வேண்டும். பின்னர் முன்விளக்கு, பின்புறச் சிவப்பு விளக்கு, மாற்று டியூப், சிறு பம்பு. இவ்வளவும் ஆன பிறகே மற்றவை.

பெற்றோர்க்கு ஒரு சொல்: “வளர்ற பிள்ளைதானே” என்று இரண்டு அளவு பெரிய வண்டியை வாங்கித் தரும் சிக்கனம் வேண்டாம். நிறுத்தும்போது பிள்ளையின் கால் தரையில் படவேண்டும். விரல்கள் பிரேக்கை எட்டவேண்டும். காடுகளை நாடுவோர்க்கும் ஒரு சொல்: நம் மலையடிவாரங்கள் யானைகள் நடமாடும் இடங்கள். வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக் காட்டில் நுழைவது சட்டப்படி குற்றம்; வீட்டில் காத்திருப்போருக்கு இழைக்கும் அநீதியும் ஆகும்.

கிசல்லோ அன்னையின் சிற்றாலயம்

மிதிவண்டி ஓட்டுவோர்க்கு விண்ணகப் பாதுகாவலி ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். இத்தாலி நாட்டின் வடக்கே, கோமோ ஏரிக்கு மேலே, 754 மீட்டர் உயரத்தில் கிசல்லோ என்னும் மலைக்கணவாய் உள்ளது. அங்கே அன்னை மரியாளின் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. ஏற்றத்தை மிதித்துக் கடந்தவர்கள் அங்கு இறங்கி இளைப்பாறி வேண்டிச் செல்வது வழக்கம். 1949 அக்டோபர் 13-ஆம் நாள் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் கிசல்லோ அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். வெற்றி வீரர்கள் காணிக்கையாக அளித்த வண்டிகள் ஆலயச் சுவர்களில் தொங்குகின்றன.

அவற்றிடையே உருக்குலைந்த வண்டி ஒன்றும் இருக்கிறது. அது பாபியோ காசர்தெல்லி என்னும் இளைஞருடையது. கோமோ பகுதியில் பிறந்த அவர் 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1995 ஜூலை 18-ஆம் நாள் பிரான்சுப் பந்தயத்தில் மலையிறக்கம் ஒன்றில் விழுந்து, சாலையோரக் கற்காரைத் தடுப்பில் தலை மோதி இறந்தார். தலையில் கவசம் இல்லை. வயது 24. இல்லத்தில் இளம் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். மறுநாள் வீரர்கள் போட்டியின்றி ஒன்றாகவே ஓட்டிச் சென்றனர். அன்றைய பரிசுப் பணம் அக்குடும்பத்திற்குத் தரப்பட்டது. 2003-இல் தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. வண்டியில் ஏறும்போது நாம் தனியே ஏறுவதாகத் தோன்றும். விழும்போது குடும்பமே விழுகிறது என்பதற்கு அந்த வண்டி சான்றாக நிற்கிறது.

உட்குழலில் சுமந்த உயிர்கள்

அதே இத்தாலி நாட்டவர் ஜினோ பர்த்தாலி. 1938-இலும், பத்தாண்டுகள் கழித்து 1948-இலும் பிரான்சுப் பந்தயத்தில் வென்றவர். கார்மேல் மூன்றாம் சபையினர். குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் மீது பெரும் பக்தி கொண்டவர். அவருடைய தம்பி 1936-இல் பந்தயமொன்றில் விபத்துற்று மாண்டதால், இவ்விளையாட்டு குடும்பத்திற்குத் தரும் துயரையும் அறிந்தவர்.

இரண்டாம் உலகப் போரில் 1943-இல் ஜெர்மானியப் படை இத்தாலியைக் கைப்பற்றி யூதர்களை வேட்டையாடியது. புளோரன்ஸ் நகரின் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா அவர்களைக் காக்க முனைந்து, பர்த்தாலியின் உதவியை நாடினார். பர்த்தாலி பயிற்சிக்குச் செல்பவர் போல் புளோரன்ஸிலிருந்து அசிசி நகருக்கு 170 கிலோ மீட்டருக்கும் மேல் மிதித்துச் சென்றார். மிதிவண்டியின் சட்டம் உள்ளீடற்ற குழாய் அன்றோ! அந்தக் குழாய்க்குள் புகைப்படங்களும் மாற்று அடையாளத் தாள்களும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அகப்பட்டால் மரணம் என்பது அவருக்குத் தெரியும். போர் முடிந்தபின் இதனை அவர் பறைசாற்றவில்லை. தம் மகனிடம் சொல்லும்போதும் வெளியில் பேசவேண்டாம் என்றே சொன்னார். அவர் 2000-ஆம் ஆண்டில் இறந்தார். 2013-இல் எருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம் அவரை நீதிமான்களின் வரிசையில் சேர்த்துச் சிறப்பித்தது.

அவர் ஓட்டியதும் ஒருவர் அமரும் வண்டியே. அதில் எத்தனையோ குடும்பங்களைச் சுமந்து சென்றார்! வண்டியில் இடமில்லை என்பது குறையன்று. உள்ளத்தில் இடமில்லை என்பதே குறை.

செய்யத்தக்கவை

முன் சொன்ன தம்பதியர் நம் முன்னிலையில் ஓர் ஒழுங்கு செய்துகொண்டனர். மாதத்தில் இரு ஞாயிறு மலைக்கு. ஏனைய ஞாயிறுகள் இல்லத்திற்கு. மலைக்குச் செல்லும் வாரத்தில் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குக் குடும்பமாக வருவது. அத்திருப்பலி ஞாயிற்றுக் கடமையை நிறைவு செய்கிறது என்பதை யாவரும் அறிந்திருத்தல் நன்று. புதிய கருவி எதனையும் மனைவியிடம் கலந்து பேசாமல் வாங்குவதில்லை. பிள்ளைகளின் கல்விக் கட்டணம் கட்டிய பிறகே தவணைச் செலவு.

பிள்ளைகளுக்கு ஏற்ற அளவில் பழைய வண்டிகள் இரண்டு வாங்கப்பட்டன. மனைவிக்கும் ஒன்று கிடைத்தது. இப்போது வெயில் தாழ்ந்த ஞாயிறு மாலைகளில் நால்வரும் தலைக்கவசம் அணிந்து சாமளாபுரம் குளக்கரை வரை சென்று வருகின்றனர். பஞ்சர் ஒட்டவும், செயினுக்கு எண்ணெய் விடவும் தந்தை மூத்த மகளுக்குக் கற்றுத் தந்திருக்கிறார். தந்தையும் பிள்ளையும் கைகளில் கருமை படியச் சேர்ந்து அமர்ந்திருக்கும் அந்த அரைமணி நேரத்திற்கு ஈடான அறிவுரை இல்லை. தவணை இன்னும் முடியவில்லை. பூசலும் முற்றும் ஓய்ந்துவிடவில்லை. ஆயினும் பேச்சு நின்றுபோன வீட்டில் பேச்சு திரும்பியிருக்கிறது.

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே! மிதிவண்டியாயினும், பந்தாட்டமாயினும், கைப்பேசியாயினும், நம் உள்ளத்தைக் கவர்ந்த எதனைக் குறித்தும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: ‘இதில் என் வீட்டாருக்கு எங்கே இடம்?’ விடை கிடைக்கும்வரை தேடுவோம். அக்டோபர்தோறும் கால்நடையாக நம் ஜெபமாலை அன்னையின் திருத்தலத்தை நாடி வருவோர் தம் வீட்டார் அனைவரின் வேண்டுதல்களையும் சுமந்து வருகின்றனர். அவ்வாறே மலைப்பாதையில் செல்வோரும் தம் வீட்டாரை உள்ளத்தில் சுமந்து ஏறி, நலமாக இறங்கி வருவார்களாக. அதற்கு அன்னை நமக்குத் துணை நிற்பாளாக.