காய்ந்தால் போதாது, கழுவ வேண்டும்

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் குடியிருப்பவர்களுக்குக் குழாய் வாயில் படியும் வெள்ளைப் படிவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கெட் விளிம்பிலும், ஹீட்டர் சுருளிலும், துடைக்காமல் விட்ட கண்ணாடியிலும் அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓசூர் சாலையின் இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்கு போர்த் தண்ணீரும் டேங்கர் லாரியும்தான் கதி. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பும் வேறு உப்புகளும் கரைந்திருக்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். லேப்டாப்புக்குள் தண்ணீர் போனாலும் இதுவேதான் நடக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையையும் ஏன் செய்கிறோம் என்பது விளங்கிவிடும்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் போய்வருகிறவர்கள் நிறைந்த ஊர் இது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் சாப்பாட்டு மேசையே அலுவலக மேசையாகிவிடுகிறது. காபி டம்ளரும் லேப்டாப்பும் ஒரே மேசையில் இருக்கும்வரை, என்றாவது ஒருநாள் லேப்டாப்பில் ஏதாவது கொட்டும். கொட்டியபின் என்ன செய்யலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் எப்படிக் கெடுக்கிறது

சுத்தமான நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு கரைந்த நீர் நன்றாகக் கடத்தும். மதர்போர்டில் செம்புத் தடங்கள் மயிரிழை இடைவெளியில் அருகருகே ஓடுகின்றன. சார்ஜரிலிருந்து வருவது ஏறக்குறைய 19 வோல்ட். பிராசஸர் வேலை செய்வது 1 வோல்ட் அளவில். இரண்டுக்கும் நடுவே ஒரு துளி பாலம் போட்டால் சிப் கருகிவிடும். திரைக்குப் போகும் கனெக்டர் இந்த ஆபத்து அதிகம் உள்ள இடம். திரைக்கு வெளிச்சம் தரும் உயர் வோல்ட் முனையும், படத்தைக் கொண்டுபோகும் மெல்லிய முனைகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இது நொடியில் நடக்கும் சேதம். மெதுவாக நடக்கும் சேதம் ஒன்றும் உண்டு. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்த இடத்தில் செம்பு கரைந்து ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நகரும், முடி போன்ற இழைகளாக வளர்ந்து இரண்டையும் இணைத்துவிடும். பச்சையாகவோ நீலமாகவோ வெள்ளையாகவோ பூக்கும் களிம்பு இந்த அரிப்பின் அடையாளம். லேப்டாப்பை ஆஃப் செய்துவிட்டாலும் இது நிற்காது. பேட்டரி இணைந்திருக்கும்வரை போர்டின் சில பகுதிகளில் எப்போதும் மின்சாரம் இருக்கும். "கொட்டின அன்னிக்கு நல்லாத்தான் ஓடுச்சு, மூணு வாரம் கழிச்சுத்தான் போச்சு" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது, இரண்டாவது வேலை படிவைக் கழுவுவது. உலர்த்துவது அதற்கும் பிறகுதான்.

முதல் நிமிடம்

சார்ஜர் செருகியிருந்தால் முதலில் சுவரில் உள்ள ஸ்விட்சை அணையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மெயினை இறக்கிவிடுங்கள். பிறகு லேப்டாப்பின் பவர் பட்டனைப் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள், அணைந்துவிடும். ஃபைலைச் சேமித்துவிட்டு அணைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் உருவிவிட்டு, மூடியை விரித்து, கூடாரம்போல் கவிழ்த்து ஒரு துண்டின்மேல் நிறுத்துங்கள். கீபோர்டு வழியாகப் போன நீர் வந்த வழியே திரும்பட்டும். ஆட்டவோ குலுக்கவோ கூடாது. நனையாத இடத்துக்கும் நீர் பரவிவிடும்.

அரிசி டப்பாவில் புதைத்து வைப்பதால் பயனில்லை. அரிசி உள்ளே உள்ள நீரை இழுக்காது, உப்பை எடுக்காது. மாவுத் தூசிதான் துளைகளில் போய் அடைக்கும். ஹேர் டிரையர் சூடு பிளாஸ்டிக்கை வளைக்கும், நீரை இன்னும் உள்ளே தள்ளும். மொட்டைமாடி வெயிலில் வைப்பது லித்தியம் பேட்டரிக்கு ஆபத்து. எல்லாவற்றையும்விடக் கெடுதல், "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஆன் செய்வது. பிழைத்திருக்கக்கூடிய பல லேப்டாப்கள் அந்த ஒரு அழுத்தலில் போயிருக்கின்றன.

கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் இத்துடன் நிறுத்திக்கொண்டு, ஐ.டி. பிரிவுக்குத் தகவல் சொல்லுங்கள். அதைத் திறக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. சொந்த லேப்டாப்பாக இருந்து வாரண்டி மிச்சமிருந்தால், தவறிக் கொட்டியதற்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டம் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சாதாரண வாரண்டியில் பொதுவாகத் தண்ணீர்ச் சேதம் சேராது. பல லேப்டாப்களுக்குள் நீர் பட்டால் சிவப்பாக மாறும் சிறு வெள்ளை ஒட்டு இருக்கும். அதைப் பார்த்தே சர்வீஸ் சென்டரில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொட்டியது எது

ஆர்.ஓ. நீர் என்றால் படிவு குறைவு, பிழைக்கும் வாய்ப்பு அதிகம். போர்த் தண்ணீர் உப்பை விட்டுச் செல்லும். பாலும் சர்க்கரையும் கலந்த காபியும் டீயும் பிசினாக ஒட்டிக்கொண்டு ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். கோலா வகைக் குளிர்பானத்தில் சர்க்கரையோடு அமிலமும் உண்டு. ரசம், மோர், இளநீர் எல்லாம் உப்புக் கரைசல்கள்தான், இவற்றில் அரிப்பு வேகமாக நடக்கும்.

வெள்ள நீர் தனி வகை. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரே இரவில் பெய்த பெருமழையில் சர்ஜாபூர் சாலைக் குடியிருப்புகள் மூழ்கின. அப்படி வீட்டுக்குள் வரும் நீரில் மண்ணும் சாக்கடையும் கலந்திருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் சந்தாபுரா ஏரியின் மாசுக்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இந்தப் பகுதியில் தேங்கி வரும் நீர் எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வெள்ளத்தில் மூழ்கிய லேப்டாப்பின் பேட்டரியை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

திறப்பது

டெல், ஹெச்.பி., லெனோவோ நிறுவனங்கள் தங்கள் மாடல்களுக்கான சர்வீஸ் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு தேடினால் கிடைக்கும். எந்த ஸ்க்ரூ எங்கே என்று படத்தோடு இருக்கும்.

சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், காலாவதியான ஏ.டி.எம். கார்டு, ஒரு வெள்ளைத்தாள் போதும். தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூக்களை அந்தந்த இடத்திலேயே வைத்துக்கொண்டே போங்கள். நீளமும் குட்டையும் கலந்திருக்கும். குட்டை இருந்த இடத்தில் நீளத்தை முறுக்கினால் போர்டே துளைபடும். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். எல்லாம் கழன்றபின் கார்டை விளிம்பில் நுழைத்து மெதுவாகச் சுற்றிவந்தால் மூடி விடுபடும்.

மூடி திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிரியுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரை நகத்தால் நகர்த்தி எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், வெளியே எடுத்து வீட்டுக்கு வெளியில் எரியாத இடத்தில் வையுங்கள். குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். போர்டில் வட்டமான 3 வோல்ட் பட்டன் செல் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டையும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

கழுவுவது

தேவையானது 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால். கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தருவார்கள். 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். கை கழுவும் சானிடைசர் ஜெல் கூடவே கூடாது, அதில் பிசுக்கு உண்டு. ஐ.பி.ஏ. சட்டெனத் தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பும் பூஜை விளக்கும் அருகில் எரியாதபோது வேலையைத் தொடங்குங்கள்.

காபி, டீ, குளிர்பானம் என்றால் கழுவுவதில் ஒரு படி கூடுதல். சர்க்கரை ஐ.பி.ஏ.வில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் பேட்டரி பிரிந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொண்டு, பிசுபிசுப்பு உள்ள இடங்களை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்மையான பல் துலக்கியால் முதலில் தேயுங்கள். கார் பேட்டரிக் கடைகளில் இந்தத் தண்ணீர் கிடைக்கும். குழாய் நீர் வேண்டாம், எந்த உப்பை எடுக்கப் போகிறோமோ அதையே திரும்பப் பூசுவதாகிவிடும்.

அடுத்து ஐ.பி.ஏ.வைத் தொட்டுத் தேயுங்கள். பச்சைக் களிம்பும் வெள்ளைத் தூளும் உள்ள இடங்கள், கனெக்டர் முனைகள், சிப்களின் ஓரங்கள் முக்கியம். திரையின் மேல் ஐ.பி.ஏ. படக்கூடாது. ரேம் முனைகள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடலாம். முடிந்ததும் மூடியைத் திறந்தபடியே, சாதாரண மின்விசிறிக் காற்றில் குறைந்தது ஒரு முழு நாள் வையுங்கள். சிப்களுக்கு அடியில் புகுந்த நீர் வெளியேற நேரம் பிடிக்கும்.

கோளாறு எங்கே

ஆன் செய்வதற்கு முன், மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். பேட்டரியும் சார்ஜரும் இல்லாத நிலையில் மீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, கறுப்பு முனையைப் போர்டின் ஸ்க்ரூ துளையிலும், சிவப்பு முனையைச் சார்ஜர் செருகும் இடத்தின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். ஒரு கணம் ஒலித்து அடங்கினால் பயமில்லை. விடாமல் ஒலித்தால் போர்டில் ஷார்ட் இருக்கிறது. சார்ஜரைச் செருகாதீர்கள், நேராகக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

ஷார்ட் இல்லையென்றால் ரேமைத் திரும்பப் பொருத்தி, பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பல மாடல்கள் அப்படியே ஓடும். பேட்டரி இருந்தால்தான் எழும் என்பவையும் உண்டு, கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். புகையோ கருகல் வாசனையோ வந்தால் உடனே சுவர் ஸ்விட்சை அணையுங்கள்.

விளக்கே எரியவில்லையா? முதலில் சார்ஜரைச் சோதியுங்கள், அதுவும் நனைந்திருக்கலாம். யு.எஸ்.பி. சி சார்ஜர் என்றால் சின்ன யு.எஸ்.பி. மீட்டரை நடுவில் மாட்டிப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் வோல்ட் 20-க்கு ஏறும். 5-லேயே நின்றுவிட்டால் சார்ஜிங் பகுதியில் கோளாறு.

விளக்கு எரிந்து திரை இருட்டாக இருக்கிறதா? திரையின் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்னொளிதான் போயிருக்கிறது, பெரும்பாலும் அதற்கான சின்ன ஃபியூஸ் அல்லது கனெக்டர். ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் டி.வி.யை இணைத்து அதில் படம் வந்தால், திரையும் அதன் கேபிளும் தவிர மற்றவை நலம் என்று கொள்ளலாம்.

எழுத்துகள் தானாக ஓடுகின்றனவா, சில பட்டன்கள் வேலை செய்யவில்லையா? கீபோர்டின் உள்ளே உள்ள படலங்களுக்கு இடையில் ஈரம் இருக்கிறது. கீபோர்டைப் போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிளை அதன் பூட்டைத் தூக்கி விடுவித்துவிட்டு, யு.எஸ்.பி. கீபோர்டில் வேலையைத் தொடரலாம். நனைந்த கீபோர்டைப் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே மேல்.

லேப்டாப்பே எழாவிட்டாலும் உள்ளே இருந்தவை போய்விட்டன என்று பொருளில்லை. தனியாகக் கழற்றக்கூடிய எஸ்.எஸ்.டி. என்றால், யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறு கணினியில் படித்துவிடலாம். விண்டோஸ் பிட்லாக்கர் பூட்டு கேட்டால், அதன் மீட்புக் குறியீடு பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். புதிய மேக்புக்குகளில் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் இந்த வழி கிடையாது. அவற்றில் போர்டைப் பிழைக்க வைத்தால்தான் தகவல் கிடைக்கும்.

கடைக்கு எப்போது

போர்டில் ஷார்ட் இருந்தால், சிப்பின் அடியில் களிம்பு புகுந்திருந்தால், கருகிய பாகம் தெரிந்தால் அது வீட்டு வேலை அல்ல. 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பலகை வைத்த கடைகளில் மைக்ரோஸ்கோப்பும் சூடான காற்றுப் பற்றவைப்புக் கருவியும் இருக்கும். சிலரிடம் மதர்போர்டை அதிர்வலைத் தொட்டியில் கழுவும் வசதியும் உண்டு. அருகில் நம்பகமான கடை இல்லையென்றால், கணினிக் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோடு இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ தொடங்கியதிலிருந்து, பொம்மசந்திராவில் ஏறி ஆர்.வி. ரோடில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்தே போய்விடலாம். கடையில் எதையும் மறைக்காதீர்கள். என்ன கொட்டியது, எப்போது, அதன்பிறகு எத்தனை முறை ஆன் செய்தீர்கள் என்ற மூன்றையும் சொன்னால் கடைக்காரருக்குப் பாதி வேலை மிச்சம்.

லேப்டாப் உயிர்த்தெழுந்தால், அந்த மணி நேரத்திலேயே முக்கியமானவற்றை வேறிடத்தில் நகலெடுங்கள். வேலை செய்வதால் குணமாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு மாதம் கழித்து மூடியை மறுபடி திறந்து, பேட்டரியைப் பிரித்து, டார்ச் வெளிச்சத்தில் போர்டைப் பாருங்கள். குழாய் வாயில் பார்த்துப் பழகிய அந்த வெள்ளை எங்காவது மீண்டும் பூத்திருந்தால், ஐ.பி.ஏ.வும் பல் துலக்கியும் இன்னொரு முறை வேலை செய்ய வேண்டும். எங்கும் இல்லையென்றால் உங்கள் லேப்டாப் தப்பித்துவிட்டது.