பாரம்பரிய கிராமத்தில் ஒரு குடும்ப விருந்து: பிராக்பூரின் 'தாம்' ஏன் முக்கியம்?

இமாச்சலப் பிரதேசத்தின் காங்கிரா மாவட்டத்தில் உள்ள பிராக்பூர், 1997-ஆம் ஆண்டு மாநில அரசால் பாரம்பரிய கிராமமாக அறிவிக்கப்பட்டது. கல் பாவிய தெருக்கள், கற்பலகைக் கூரைகள், மண் பூசிய சுவர்கள், நடுவே ஒரு பழைய குளம் ஆகியவை இதன் அடையாளங்கள். அருகிலுள்ள கர்லி கிராமத்திலும் சூத் வணிகக் குடும்பங்கள் கட்டிய மாளிகைகள் உள்ளன. சில வீடுகள் சீரமைக்கப்பட்டுத் தங்கும் விடுதிகளாகியுள்ளன; பல பூட்டிக் கிடக்கின்றன.

இப்பகுதியில் திருமணம் போன்ற சுபநிகழ்ச்சிகளின்போது பரிமாறப்படும் விருந்துக்கு 'தாம்' என்று பெயர்.

சமைப்பது யார்?

வழிவழியாக இத்தொழிலைச் செய்துவரும் 'போட்டி' எனப்படும் அந்தணச் சமையலர்களே தாம் சமைக்கின்றனர். முற்றத்திலோ வெட்டவெளியிலோ நீளமான குழி வெட்டி, விறகு மூட்டி, உருண்ட அடியும் குறுகிய வாயும் கொண்ட பித்தளைப் பாத்திரங்களை அதன்மேல் வரிசையாக ஏற்றுகின்றனர். மரபான தாமில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை.

பந்தியில் என்ன வரும்?

விருந்தினர் தரையில் வரிசையாக அமர, தையல் இலையில் முதலில் சோறு பரிமாறப்படும். அடுத்து, கொண்டைக்கடலை அல்லது ராஜ்மாவைத் தயிரில் வேகவைத்த 'மத்ரா' வரும். தயிர் திரிந்துவிடாமல் இருக்க, இதைக் கைவிடாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னர் உளுந்துப் பருப்பும், புளிப்பும் இனிப்பும் கலந்த 'கட்டா'வும் வரும். நிறைவாக 'மீட்டா பாத்' எனும் இனிப்புச் சோறு. உண்டு முடித்தவர் தனியே எழுவதில்லை. பந்தி முழுவதும் ஒருசேர எழுவதே மரபு.

வீட்டுக்கும் விருந்துக்கும் என்ன தொடர்பு?

மண் சுவருக்கு மழைக்காலத்துக்குப் பின் மறுபூச்சு தேவை. விலகிய கூரைக் கற்களை உடனே சரிசெய்யாவிட்டால் நீர் இறங்கி மரச்சட்டங்கள் உளுத்துப்போகும். ஆள் குடியிருக்கும் வீட்டில் இவை அன்றாடப் பராமரிப்பு வேலைகள். பூட்டிய வீட்டில் சிறு பழுதே சில ஆண்டுகளில் இடிபாடாகிறது. கிராமத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிப்பதால் மட்டும் இதைத் தடுக்க இயலாது.

நகரங்களில் வாழும் வாரிசுகள் மூதாதையர் வீட்டில் திருமணம் நடத்த முடிவு செய்தால், முதலில் கூரையைப் பார்க்க வேண்டும். முற்றத்தைத் துப்புரவு செய்ய வேண்டும். கிணற்றைத் தூர்வார வேண்டும். அதே விருந்து நகரத்து மண்டபத்துக்கு மாறினால் உணவு மட்டுமே உடன் செல்லும். விறகுக் குழிக்கும் தரைப் பந்திக்கும் அங்கே இடமிருக்காது. கிராமத்து வீட்டைத் திறப்பதற்கான காரணமும் ஒன்று குறைந்துவிடும்.

சுற்றுலா விடுதிகள் சில வீடுகளை மீட்டெடுத்துள்ளன. ஆனால், எல்லா வீடுகளும் விடுதிகளாக முடியாது. எஞ்சியவை நிலைக்க வேண்டுமெனில், அவற்றின் முற்றங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அடுப்பு எரிய வேண்டும்.