நடுக்கடலில் எஞ்சின் நின்றால்...

கடலில் ஓடும் வள்ளத்துக்குப் பிரேக்கும் கிடையாது. பழுதானால் ஓரமாக நிறுத்தி வைக்க இடமும் கிடையாது. நம் சங்கத்து உறுப்பினர்களில் குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து கடல் தொழிலோடு சேர்ந்தவர்கள் உண்டு. மற்றவர்களுக்கும் அவர்கள் கொண்டுவரும் மீனோடு உறவு உண்டு. ஆகவே வள்ளத்தின் பின்புறம் மாட்டும் சிறிய அவுட்போர்டு எஞ்சினைப் பற்றி எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். விழிஞ்ஞம் பக்கத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக இந்த எஞ்சின்களைப் பழுது பார்த்து வருகிறேன். என்னிடம் வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னு போகுது." மற்றது, "முன்ன மாதிரி இழுவை இல்ல."

கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் விசைப்படகுகளின் இழுவலைத் தொழிலுக்குத் தடை உண்டு. பாரம்பரிய வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதாவது அலை மிக மோசமாக இருக்கும் மழைக்காலத்தில்தான் சிறிய எஞ்சினுக்கு அதிக வேலை. இதே மாவட்டத்து முதலப்பொழித் துறைமுக வாயில் அலையில் சிக்கிப் பல வள்ளங்கள் கவிழ்ந்து, பல உயிர்கள் போனது நாம் அறிந்ததே. அத்தகைய இடத்தில் எஞ்சின் அரை நிமிடம் நின்றாலே வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அதன் பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து என்ன பயன்?

எஞ்சின் ஓடத் தேவையானவை நான்கு: எரிபொருள், காற்று, பிளக்கில் தீப்பொறி, சிலிண்டரில் அழுத்தம். இவற்றோடு குளிர்விக்கும் தண்ணீரும் வேண்டும். பழுது பார்க்கும்போது செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பத்து நிமிடம் ஓடி நின்றால்: முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். அதில் காற்றுப் போக ஒரு சிறு திருகு இருக்கும். அது மூடியிருந்தால், எரிபொருள் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எரிபொருள் வராமல் எஞ்சின் நின்றுவிடும். ஒருமுறை ஒரு தம்பி எஞ்சினைத் தோளில் சுமந்து வந்து, "அண்ணே, கார்புரேட்டரைக் கழற்றிப் பாருங்க" என்றான். "முதல்ல போய் டேங்க் மூடியைத் திறந்து பாரு மக்கா" என்றேன். திறந்தபோது 'புஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டதாம். பழுதும் அதுவே.

ரப்பர் பல்பு சொல்லும் சேதி: எரிபொருள் குழாயின் நடுவே இருக்கும் பல்பை அமுக்கினால் சிறிது நேரத்தில் கெட்டியாக வேண்டும். எத்தனை முறை அமுக்கியும் தொளதொள என்றே இருந்தால், குழாயிலோ இணைப்பின் ரப்பர் வளையத்திலோ காற்று புகுகிறது என்று பொருள். பல்பு தானாகவே சப்பிப் போனால் டேங்க் பக்கம் அடைப்பு. எஞ்சின் தளரும் நேரத்தில் ஒருவர் பல்பை அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். எஞ்சின் தெளிந்து ஓடினால் குறை டேங்க், குழாய், பில்டர், பம்ப் ஆகியவற்றில் ஒன்றில்தான். மாற்றம் இல்லையென்றால் கார்புரேட்டரையோ தீப்பொறியையோ சந்தேகிக்கலாம்.

தண்ணீர் கலந்திருந்தால்: கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் மேலே நிற்கும். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அதை மாதக்கணக்கில் டேங்கில் வைத்திருப்பது நல்லதல்ல.

ஐடிலிங்கில் மட்டும் நின்றால்: ரேஸ் கொடுத்தால் ஓடி, குறைத்தால் நிற்கும் எஞ்சினில் பெரும்பாலும் கார்புரேட்டரின் சிறு ஜெட் அடைத்திருக்கும். சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் எரிபொருள் போதவில்லை. மோசமானால் எரிபொருள் அதிகம். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். சுத்தமான பெட்ரோலும் காற்றும் போதும்.

மண்ணெண்ணெய் எஞ்சினானால்: பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரையேறி நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி இரண்டொரு நிமிடம் ஓட்ட வேண்டும். இல்லையெனில் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியற்காலையில் கை வலிக்கும் வரை கயிறு இழுக்க நேரிடும். மண்ணெண்ணெயில் மெதுவாக நெடுநேரம் ஓட்டினால் பிளக்கில் கரி பிடிக்கும். ஆயில் கலவையிலும் ஊகம் வேண்டாம். எஞ்சின் புத்தகத்தில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். கூடினால் கரி சேரும்.

இழுவை குறைந்தால்: சத்தத்தைக் கவனியுங்கள். எஞ்சின் அலறுகிறது, வள்ளம் நகரவில்லை என்றால் புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் நழுவியிருக்கலாம். எஞ்சின் திணறி மெதுவாகச் சுற்றினால் புரொப்பெல்லரில் வலை நூல் சுற்றியிருக்கிறதா, வள்ளத்தின் அடியில் சிப்பி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் பிளக்குக்கு வாருங்கள். இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் மட்டும் ஓடினாலும் ஐடிலிங் இருக்கும். பாரம் ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வையுங்கள். பழுப்பு நிறம் என்றால் நலம். ஒன்று மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. புதுப் பிளக் போட்டும் மாறாவிட்டால் காயிலைப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் நின்று, ஆறிய பின் மீண்டும் ஓடினாலும் சந்தேகம் காயில் மீதே. நின்ற உடனே தீப்பொறியைச் சோதித்தால் தெரிந்துவிடும். ஓடும்போது பிளக் ஒயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஷாக் அடிக்கும், எஞ்சினின் மின்பகுதியும் கெடும்.

தண்ணீர்ப் பீய்ச்சல்: எஞ்சின் ஓடும்போது பக்கத்திலுள்ள சிறு துளையிலிருந்து நீர் பீய்ச்ச வேண்டும். நின்றுபோனால் உடனே எஞ்சினை அணையுங்கள். துளையில் மணல் அடைத்திருக்கலாம். அல்லது பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். கரையில் சோதிக்கும்போது கீழ்ப்பகுதியைத் தண்ணீர் நிறைந்த டிரம்மில் இறக்கித்தான் ஓட்ட வேண்டும். வெறும் காற்றில் ஓட்டினால் இம்பெல்லர் சீக்கிரமே போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு இழுவை வராவிட்டால் மெக்கானிக்கிடம் சிலிண்டர் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங் தேய்மானமோ கேஸ்கட் கசிவோ இருக்கலாம். அது கடலில் சரிசெய்யும் வேலை அல்ல.

கடலில் நின்றுவிட்டால் முதல் வேலை உயிர்காப்பு அங்கியை மாட்டுவது. இரண்டாவது நங்கூரம் போடுவது. அதன் பிறகே எஞ்சின். நிறுத்தும் சுவிட்சில் மாட்டிய சுருள் கயிறு கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டேங்க் மூடி, பல்பு, பிளக் என்ற வரிசையில் போங்கள். இரண்டு புதுப் பிளக்கும், பிளக் ஸ்பேனரும், ஒரு ஸ்டார்ட்டர் கயிறும், துடுப்பும் வள்ளத்தில் எப்போதும் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேண்டுகோள். துறைமுக வாயைக் கடக்கும் முன், அமைதியான தண்ணீரில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி, ஒருமுறை முழு ரேஸ் கொடுத்துப் பாருங்கள். திணறினால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். ஒரு நாள் மீன் போனால் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள்தான் வேண்டும்.