பழைய படத்துல நம்ம மலை

"கறுப்பு வெள்ளைப் படமா? மாத்துங்க!" என்று பிள்ளைகள் டீ.வி. முன்னால் சத்தம் போடுவது லயத்தில் வழக்கம்தான். அவர்களுக்கு ஒரு சேதி. 1936இல் வந்த 'சதி லீலாவதி' படத்தில், கொலை செய்துவிட்டோமென்று பயந்த கதாநாயகன் எங்கே ஓடினான் தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு! அதே படத்தில் இன்ஸ்பெக்டராகச் சின்ன வேஷத்தில் அறிமுகமானவர் எம்.ஜி.ஆர். அவர் 1917இல் பிறந்தது நம்ம கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில்.

அந்தக்கால நடிகர்கள் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். அதனால்தான் வசனத்தை நீட்டி முழக்குவார்கள், பாட்டும் அதிகம். முதல் அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்க, பழகிப் போகும்.

இலங்கையிலேயே எடுத்த தமிழ்ப் படங்களும் உண்டு. 1963இல் 'தோட்டக்காரி'. 1975இல் 'புதிய காற்று', தயாரித்தவர் தொழிற்சங்கத் தலைவர் வி.பி.கணேசன். 1983 கலவரத்தில் படச்சுருள்கள் பல எரிந்துபோயின. அதனால் இந்தப் படங்களின் கதையை, அன்று தியேட்டரில் பார்த்த தாத்தா பாட்டிமாரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது பழைய படம் போட்டால் அவங்களையும் பக்கத்தில் உட்கார வையுங்க. எந்தத் தியேட்டரில் பார்த்தீங்க, யாரோட போனீங்க, டிக்கெட் எவ்வளவு என்று கேளுங்க. பேச்சு சுவையாக இருந்தால் படத்தை நிறுத்தினாலும் பரவாயில்லை.