டபுள் ஷாக் சைக்கிளுக்கு ஐந்து லட்சமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

எருமப்பட்டியில் எந்த டீக்கடை வாசலில் நின்றாலும் கொல்லிமலை கண்ணில் படும். அதனால்தானோ என்னவோ, செல்போனில் மலைச்சரிவு சைக்கிள் வீடியோ பார்த்துவிட்டு 'என்டூரோ' வண்டி பற்றி விசாரிக்கும் பையன்கள் இங்கே கூடிவிட்டார்கள். அவர்களுடைய அப்பாக்களுக்கோ வேறு கவலை. இரண்டு தரப்புக் கேள்விகளும் இதில் உண்டு.

பத்தாயிரம் ரூபாய்க்கே முன்னும் பின்னும் ஷாக் வைத்த சைக்கிள் நாமக்கல்லில் கிடைக்கிறதே. அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பத்தாயிரம் ரூபாய் வண்டியின் பின்னால் இருப்பது வெறும் சுருள் ஸ்பிரிங். அமுக்கினால் அமுங்கும், விட்டால் எகிறும். எகிறும் வேகத்தை அடக்க உள்ளே எண்ணெய் கிடையாது. மேட்டில் மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பகுதி அந்த ஸ்பிரிங்கை ஆட்டவே போய்விடும். எடை வேறு கூடும். அந்த விலைக்கு ஷாக்கே இல்லாத சைக்கிள் வாங்குவது எவ்வளவோ மேல்.

என்டூரோ வண்டியில் சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும் தூரம் 150 முதல் 180 மில்லிமீட்டர் வரை இருக்கும். பின் ஷாக்கில் காற்று அறையும் எண்ணெய் அறையும் தனித்தனி. காற்று எடையைத் தாங்கும். எண்ணெய் துள்ளலை அடக்கும். லாரிப் பட்டறை பார்த்த ஊருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. லோடு ஏற ஏற லாரியில் உதவிப் பட்டைகளும் சேர்ந்து தாங்குவதைப்போல, நல்ல வண்டியின் பின் இணைப்புகள் அமுங்க அமுங்கக் கெட்டிப்பட வேண்டும். கெட்டிப்படாத வண்டி பெரிய பாறையில் இறங்கினால் 'டொம்' என்று அடித்தட்டில் மோதும்.

விலை மூன்று, நான்கு லட்சத்தில் தொடங்கிப் பத்து லட்சத்தைத் தாண்டியும் போகும். பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சுங்கவரி தனிக் கணக்கு.

என்டூரோ என்றால் பந்தயமா, வண்டியா?

முதலில் பந்தயம். மலையேறும்போது கடிகாரம் ஓடாது, இறங்கும்போது மட்டும் ஓடும். ஆனால் ஏறுவதும் பெரும்பாலும் உங்கள் கால்தான். 2013இல் இத்தாலியின் புன்டா ஆலாவில் தொடங்கிய உலகத் தொடர் இந்த முறையைப் பிரபலமாக்கியது. அதற்கென்று செய்த வண்டிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆகவே வண்டியைப் பார்க்கும்போது, இறக்கத்தில் தைரியம் கொடுக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மேலே போய்ச் சேர்கிறோமா என்றும் பார்க்க வேண்டும். பலர் முதல் கேள்வியோடு நிறுத்திவிட்டு, வாங்கிய ஆறாம் மாதம் விற்க விளம்பரம் கொடுக்கிறார்கள்.

கடையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

தெரியாது. கடைக்காரர் உங்கள் எடைக்குக் காற்றுப் பிடிக்காமல் கொடுத்த வண்டியை ஓட்டிவிட்டு 'கல்லு மாதிரி இருக்கு', 'தொளதொளன்னு இருக்கு' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. லோடு இல்லாத லாரி குலுக்குவது பட்டையின் குற்றமா என்ன?

பின் ஷாக்கின் பளபளக்கும் தண்டில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். ஹெல்மெட், தண்ணீர்ப்பை எல்லாம் மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். ஒருவரை விட்டு அந்த வளையத்தை மேலே தள்ளி, ஷாக்கின் உடம்போடு ஒட்ட வைக்கச் சொல்லுங்கள். துள்ளாமல் மெதுவாக இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தண்டின் ஓட்டம் 65 மில்லிமீட்டர் என்றால் 18, 19 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். அதாவது முப்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக. கூடுதலாக நகர்ந்தால் காற்று ஏற்றுங்கள், குறைந்தால் இறக்குங்கள். முன் ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம் போதும்.

இதற்கு ஷாக் பம்ப் என்று கைக்கு அடக்கமான தனிப் பம்ப் உண்டு. பஞ்சர் கடைக் கம்ப்ரசரைக் கொண்டுபோய்ச் சொருகாதீர்கள். ஷாக்கின் காற்று அறை மிகச் சிறியது. அதற்குத் தேவையான அழுத்தமோ 200 பிஎஸ்ஐயைத் தாண்டலாம்.

பிறகு சிவப்புத் திருகு. துள்ளித் திரும்பும் வேகத்தை மாற்றுவது அதுதான். நடைமேடை விளிம்பிலிருந்து சீட்டில் உட்கார்ந்தபடியே இறங்குங்கள். வண்டி ஒரு தடவை எழும்பி அமைதியானால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் திருகை மெதுவான பக்கம் ஒன்றிரண்டு 'கிளிக்' திருப்புங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சோதனை ஓட்டம் தொடங்குகிறது.

எடை 15, 16 கிலோ என்கிறார்கள். அது பெரிய விஷயமா?

முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள நல்ல மலைச் சைக்கிள் 12, 13 கிலோ இருக்கும். வித்தியாசம் சுமார் மூன்று கிலோ, நம் ஊர்க் கணக்கில் இரண்டு தட்டு முட்டை. அதைக் கட்டிக்கொண்டு மலையேறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எடையை விடச் சோர்வு தருவது இரண்டு. ஒன்று, மிதிக்கும்போது பின்பக்கம் தாளம் போடுவது. செயின் இழுப்பை வைத்தே இதைக் குறைக்கும்படி இணைப்புகளை அமைத்திருப்பார்கள். சில வண்டிகளில் சரியாக வரும், சிலவற்றில் வராது. செங்குத்தான மேட்டில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே கீழே குனிந்து ஷாக்கைப் பாருங்கள், அதுவே சொல்லும். இன்னொன்று, சீட் நிற்கும் கோணம். 76 முதல் 78 டிகிரி வரை இருந்தால் உடம்பு பெடலுக்கு நேர் மேலே வரும், முன்சக்கரம் தூக்காது. பழைய மாடல்களில் இந்தக் கோணம் குறைவு.

முன் ஃபோர்க் 63, 64 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கும். வேகமான இறக்கத்தில் கைப்பிடி ஆடாமல் நிற்பது இதனால்தான். அதே சாய்வு, நத்தை வேகத்தில் வளைவு ஏறும்போது முன்சக்கரத்தை இங்கும் அங்கும் அலைய விடும். இது கோளாறு அல்ல. ஒன்றை வாங்க ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள்.

கொல்லிமலைக்கு இது தேவையா?

காரவள்ளியிலிருந்து ஏறும் தார்ச்சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்காக என்றால், வேண்டவே வேண்டாம். தார்ச்சாலையில் இந்த வண்டி ரயில்வே பிளாட்பாரத்தில் டிராக்டர் ஓட்டுவது மாதிரி. கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில்தான் இதன் அருமை தெரியும். அப்படிப்பட்ட பாதைகள் மலையில் உண்டு. பல காப்புக்காட்டுக்குள் போகின்றன. அனுமதி இல்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன்படி குற்றம். ஊருக்கு ஊர் போகும் பாதைகளில் தலையில் சுமையோடு ஆட்கள் வருவார்கள். எதிரே ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவதற்கு அது பந்தயக் களம் அல்ல.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: கேட்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு முன் ஷாக் மட்டும் உள்ள வண்டி போதும். வருடத்துக்கு நாலு தடவையாவது இமாச்சல், நீலகிரி என்று வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் என்டூரோ பக்கம் வரலாம்.

பிரேக்கில் என்ன பார்ப்பது?

மலையிறக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் கியரில் இறங்குவார்கள். சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை. முழுப் பாரமும் பிரேக்கில்தான். முன் டிஸ்க் 200 மில்லிமீட்டர், ஒவ்வொரு பிரேக்கிலும் நான்கு பிஸ்டன், இதற்குக் குறைந்து எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் மாற்றும்போது கவனம். சில கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு கார்களில் ஊற்றும் டாட் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் ஊதிப்போய் பிரேக்கே பிடிக்காது.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

லாபம்தான், பார்க்கத் தெரிந்தால். சீட்டைப் பிடித்து ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்கித் தூக்கி விடுங்கள். 'டொக் டொக்' என்று விரலில் தட்டினால் இணைப்பு பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கின் வழவழப்பான குழாயை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் எண்ணெய் கசியும், மாற்றுக் குழாய் விலை உயர்ந்தது. வெல்டிங் ஓரங்களில் முடி மாதிரிக் கோடு தெரிந்தால் பேரமே பேசாமல் திரும்பி வாருங்கள். ஃப்ரேம் கேரண்டி பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே.

நம் ஊரில் பராமரிக்க முடியுமா?

செயின், டயர், போல்ட் எல்லாம் இங்கேயே முடியும். நெருஞ்சியும் கருவேல முள்ளும் உள்ள மண் என்பதால் டியூப் இல்லாத டயரும் உள்ளே ஊற்றும் பால் போன்ற திரவமும் கட்டாயம். நம் சித்திரை வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டயரைக் குலுக்கிப் பாருங்கள், சளசளப்பு கேட்கவில்லையென்றால் ஊற்ற வேண்டும். பின் கியரைத் தாங்கும் அலுமினியத் துண்டு, வண்டி விழுந்தால் வளைவதற்கென்றே செய்தது. வாங்கும்போதே ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். ஷாக்கைப் பிரித்து சர்வீஸ் செய்யப் பெருநகரக் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். லாரிக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அந்த வேகத்தில் பீய்ச்சும் தண்ணீர் பேரிங் கிரீஸைத் துடைத்தெடுத்துவிடும். ஒரு வாளித் தண்ணீர், பழைய துணி, ஃபோர்க் குழாயைச் சுற்றிப் படிந்த செம்மண்ணை எடுக்க ஒரு பழைய பல்துலக்கி. அது போதும்.