உதவித்தொகை வழியில் நிற்பது ஏன்?

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் மானாவாரிச் சாகுபடியே அதிகம். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, பயறு வகைகள் விதைக்கப்படுகின்றன. அந்தச் சமயத்தில் பிரதமரின் கிசான் சம்மான் நிதித் தவணை 2,000 ரூபாய் கைக்கு வந்தால் விதைச் செலவுக்கு உதவும். 2019 பிப்ரவரி 24-ல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வழங்கப்படுகிறது.

சிலருக்கு மட்டும் தவணை திடீரென நின்றுவிடுகிறது. காரணம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தால், பட்டாசு ஆலையில் கிடைக்கும் அன்றைய கூலி போய்விடும். பணம் வரும் வழியை அறிந்துகொண்டால் இந்த அலைச்சலைக் குறைக்கலாம்.

ஒரே கம்ப்யூட்டர் அல்ல

இப்பணத்தை ஏதோ ஒரு பெரிய கம்ப்யூட்டர் அனுப்புவதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியல்ல. பட்டாசுத் தொழிலைப் பார்த்தால் இது விளங்கும். காகிதக் குழாய் ஓரிடத்தில் உருட்டப்படுகிறது. மருந்து வேறு அறையில் செலுத்தப்படுகிறது. பெட்டி அச்சகத்திலிருந்து வருகிறது. ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பேசி வைத்த அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். அளவு தவறினால் அடுத்த இடத்தில் வேலை நிற்கும். ஓர் அறையின் விபத்து மற்ற அறைக்குப் பரவக் கூடாதென்றே இடைவெளி விட்டு அறைகள் கட்டப்படுகின்றன.

கம்ப்யூட்டர்களின் ஏற்பாடும் இவ்வாறே. ஒவ்வொரு அலுவலகமும் தன் பதிவேட்டைத் தானே வைத்துக்கொள்கிறது. ஒன்று இணையம் வழியே, பேசி வைத்த முறைப்படி கேள்வி கேட்கும். மற்றது பதில் சொல்லும். இதற்கு வலைச் சேவை என்று பெயர். ஓர் இடத்துக் கம்ப்யூட்டர் பழுதானாலும் மற்ற இடங்களின் பதிவேடு கெடாது.

யார் எதை அறிவார்?

திட்டப் பதிவேட்டில் விவசாயியின் பெயரும் நில விவரமும் உள்ளன. ஆதார் ஆணையத்துக்கு நிலத்தைப் பற்றித் தெரியாது. எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று கேட்டால் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லும். தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்கு அந்த ஆதார் எண் எந்த வங்கியோடு இணைந்துள்ளது என்பது தெரியும். கணக்கு எண் தெரியாது. கணக்கை அறிந்தது வங்கி மட்டுமே.

தடை ஏற்படும் இடங்கள்

திட்டப் பதிவில் ‘முத்துச்சாமி’ என்றும் ஆதாரில் ‘முத்துசாமி’ என்றும் இருந்தால், ஊராருக்கு இருவரும் ஒருவர்தான். கம்ப்யூட்டருக்கு அது தெரியாமல் போகலாம்.

கூலி வாங்குவதற்காகப் புதிய வங்கியில் கணக்குத் தொடங்கி, அரசு உதவித்தொகை பெற ஆதாரை அங்கே இணைக்கச் சம்மதித்தால், அடுத்த தவணை அந்த வங்கிக்கே போகும். கடைசியாக இணைத்த வங்கியே கணக்கில் கொள்ளப்படுகிறது. பழைய பாஸ் புத்தகத்தைப் பார்த்து, பணம் வரவில்லை என்று எண்ணுவோர் உண்டு.

பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருந்தால், நிலப் பதிவேடு பேரன் பெயரைச் சொல்லாது.

செய்ய வேண்டியவை

தவறு எந்தப் பதிவேட்டில் உள்ளதோ, அங்கேதான் திருத்த முடியும். வேறு இடத்தில் மனுக் கொடுப்பதால் பயனில்லை.

1. முதலில் இ-சேவை மையத்தில் பதிவு எண்ணைக் கொடுத்துத் தவணை நிலவரத்தைப் பார்க்க வேண்டும். 155261 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

2. ஆதாரில் பெயர் தவறாக இருந்தால் ஆதார் மையம், திட்டப் பதிவில் தவறு இருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், வங்கி இணைப்புக்கு வங்கிக் கிளை, பட்டாவுக்குக் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் அலுவலகம் என்று செல்ல வேண்டும்.

3. செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லக் கூடாது. சரியான கடவுச்சொல் கிடைத்தால் கம்ப்யூட்டர் யாரையும் நம்பும். 2020-ல் தமிழ்நாட்டில் அலுவலகக் கடவுச்சொற்கள் வெளியார் கைக்குப் போய், தகுதியற்ற பலர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டதும், பின்னர் பணம் திரும்ப வசூலிக்கப்பட்டதும் நினைவிருக்கலாம்.

விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே இவற்றைச் சரிபார்த்துக்கொண்டால், மழை வரும்போது கடனுக்கு அலைய வேண்டியிராது.