அவதானமும் திறன்பேசியும்: ஒரு சமூகவியல் நோக்கு

'அவதானம்' என்னும் சொல்லை இலங்கைத் தமிழர் இன்று பெரும்பாலும் எச்சரிக்கைப் பலகைகளிலேயே காண்கின்றனர். தமிழ்ப் புலமை மரபிலே அது ஒரு கலையின் பெயராகும். மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி எனப் போற்றப்பட்டவர். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இலே சென்னை விக்ரோறியா மண்டபத்தில் நூறு அவதானங்களை நிகழ்த்திக் காட்டினார். பிறர் கொடுத்த ஈற்றடிக்குப் பாட்டுக் கட்டிக்கொண்டே முதுகில் விழும் நெல்மணிகளை எண்ணுதலும், இடையிடையே வினாக்களுக்கு விடை கூறுதலும் அக்கலையில் அடங்கும். இதனைச் சுட்டி, ஒரே வேளையில் ஐந்து செயலிகளைத் திறந்து வைத்திருக்கும் இன்றைய மாணவனும் ஓர் அவதானியே என நண்பரொருவர் எம்மிடம் வாதிட்டார். வேடிக்கையான வாதந்தான், ஆயினும் பதில் கூறத்தக்கது. அவதானி விட்ட இழையைத் தானே மீண்டும் பற்றி முடிக்கிறான். எந்த இழைக்கு எப்போது திரும்புவது என்பது அவன் வசத்திலுள்ளது. திறன்பேசியிலோ இழையின் மறுமுனை வேறொருவர் கையிலுள்ளது.

எமது ஆய்வேட்டை நூலுருவாக்கும் பொருட்டு மாத்தளை மாவட்டத்து நாவுலவில் ஒரு மாதம் தங்கியிருந்த வேளையிலே இது எமது சொந்தப் பிரச்சினையாயிற்று. முதல் வாரத்திலே ஓர் இயலைக் கால் மணிநேரம் தொடர்ந்து வாசிக்க எம்மால் இயலவில்லை. அருகிலுள்ள நாலந்தா கெடிகேயைப் பார்க்கச் சென்றோம். பௌத்த வழிபாட்டிடமொன்று பல்லவர் பாணித் திராவிடக் கட்டடமாக அமைந்தமைக்கு அது அரிய சான்று. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அமிழவிருந்தமையால் 1980களிலே பெயர்த்தெடுக்கப்பட்டு மேட்டிலே மீள நிறுவப்பட்டது. நாற்பது படங்கள் எடுத்தோம். அன்றிரவு எழுத அமர்ந்தபோது, தூண்கள் எவ்வாறு நின்றன என்பதைக்கூடப் படத்தைப் பார்த்தே எழுத வேண்டியிருந்தது. வாசிப்பையும் நோக்கையும் தொழிலாகக் கொண்டவனுக்கு இது சிறு குறையன்று.

அறநெறியாளர் இதனை மனவுறுதிக் குறைவு என்பர். மார்க்ஸ் இவ்விடத்திலே கூடுதலாக உதவுகிறார். 'மூலதனம்' முதற் பாகத்தில் உழைப்பு நிகழ்முறையை விளக்குமிடத்து, உழைப்பு நீடிக்கும் நேரமெல்லாம் உழைப்பவனின் சித்தம் நோக்கத்தின்மேல் ஊன்றியிருத்தல் வேண்டும் என்றும், வேலை அவனை ஈர்க்காத அளவுக்கு அக்கவனம் கூடுதலாக வேண்டப்படும் என்றும் அவர் காட்டுவார். அவதானம் உழைப்புச் சக்தியின் ஒரு கூறு என்பது இதனாற் பெறப்படும். அது எவ்வாறு பண்டமாகின்றது? கனேடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் 1977இலே இதற்கு விடை தேடினார். விளம்பரத்தால் வாழும் ஊடகங்கள் உற்பத்தி செய்யும் பண்டம் நிகழ்ச்சியன்று. விளம்பரதாரருக்கு விற்கப்படும் பார்வையாளரே என்பது அவர் வாதம். அவர் மனத்திலிருந்தது தொலைக்காட்சி. முகநூலை நடத்தும் மெற்றா நிறுவனம் 2023இல் ஈட்டிய ஏறத்தாழ 13,500 கோடி டொலரில் 97 வீதத்திற்கு மேற்பட்டது விளம்பர வருவாய் என்பதை நோக்கின், அக்கூற்று இன்றே முழுமை பெறுகின்றது எனலாம்.

விற்பனைக்குரியது எமது நேரமாதலால், அந்நேரத்தை நீட்டுவதே பொறியியலின் பணியாகின்றது. நூலுக்குப் பக்கம் உண்டு, இயல் உண்டு. வாசகன் நின்று மூச்சுவிட இடமுண்டு. 2006இலே ஏசா ரஸ்கின் வடிவமைத்த முடிவிலா உருட்டல் அந்நிறுத்தத்தை நீக்கிற்று. பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்தினார். எமது நாட்டிலே தொலைபேசி நிறுவனங்கள் யூரியூப்புக்கும் முகநூலுக்கும் தனித்தனித் தரவுப் பொதிகளை விற்பதும் இவ்வகையிலே கவனிக்கத்தக்கது.

நாவுலவில் நாம் செய்தவை எளியன. அழைப்பு ஒழிந்த ஏனைய அறிவித்தல்களை நிறுத்தினோம். மணி பார்ப்பதற்கென ஒரு பழைய மேசைக் கடிகாரத்தை இரவல் பெற்றோம். மணி பார்க்க எடுத்த பேசியே அரை மணியை விழுங்கிற்று என்பது அப்போதுதான் விளங்கிற்று. வட்ஸ்அப்பை நண்பகலிலும் மாலையிலும் மாத்திரம் திறந்தோம். வாசிக்கும் வேளையிலே பேசி அடுத்த அறையில் இருந்தது. அணைத்து வைத்த பேசியும் மேசைமேலிருப்பின் சிந்தனைத் திறனைக் குறைக்கும் என ஒஸ்ரினிலுள்ள ரெக்ஸாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையிலான ஆய்வொன்று 2017இல் கூறிற்று. பின்வந்த ஆய்வுகளெல்லாம் அதனை உறுதிசெய்யவில்லை. எமக்கு அது பயன்பட்டது. திரையைக் கறுப்பு வெள்ளையாக்குதல் பயன்படவில்லை. மூன்றாம் வாரத்திலே ஒன்றரை மணிநேரம் தடையின்றி வாசித்தோம்.

ஆனால் இவ்வெற்றியின் வர்க்க அடிப்படையை மறைத்தல் நேர்மையாகாது. பக்கத்து வீட்டு விவசாயி கறிமிளகாயைத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு அனுப்புபவர். விலை தொலைபேசியிலேயே வருகின்றது. அதனை அடுத்த அறையில் வைக்கும் சுதந்திரம் அவருக்கில்லை. 2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டபின் ஆசிரியரின் பணி வட்ஸ்அப்புக்குள் நுழைந்தது. பாடசாலைகள் திறந்த பின்னரும் இரவு ஒன்பது மணிக்குப் பெற்றோரின் செய்தி வருவது நின்றபாடில்லை. வேலைநாளின் எல்லை ஓசையின்றி நகர்ந்துவிட்டது. 2022 ஏப்ரல் 3ஆம் நாள் மக்கள் எழுச்சிக்கு அஞ்சிச் சமூக ஊடகங்களை அரசு முடக்கியதும் மறக்கத்தக்கதன்று. கருவியை வெறுமனே பழிப்போர் அந்நாளை எங்ஙனம் விளக்குவர்?

வேலைநாள் தனிமனிதரின் மனவுறுதியாற் குறுகவில்லை. பிரித்தானியாவின் 1847ஆம் ஆண்டுப் பத்து மணிநேரச் சட்டம் நீண்ட போராட்டத்தின் பேறு. வேலைநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதல் சட்டத்தில் ஏற்றுள்ளது. இலங்கையிலே தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கையை, குறிப்பாக ஆசிரியர் பொருட்டு, எழுப்புதல் வேண்டும் என்பது எமது கருத்து.

நாவுலவிலிருந்து மீண்டபின் சனிக்கிழமைகளில் எண்மர் கூடி இரண்டு மணிநேரம் வாசிக்கின்றோம். பேசிகள் யாவும் வாயிலருகே ஒரு கூடையிலே கிடக்கும். தாயார் மருத்துவமனையில் இருக்கும் ஒருவர் மட்டும் தம்முடையதைக் கையில் வைத்திருக்கிறார். அது இதுவரை இரண்டு தடவை ஒலித்தது.